போ என்று சொல்லாத வாய்

ஜனவரி 9, வெள்ளி

வந்து சேர்ந்தோம். உலகத்திலேயே பெரிய அலை அடிக்கிற ஊர் என்று தேசிங்கு இரண்டு வருஷமாக என் காதைத் தின்றுகொண்டிருந்த நாசரே இதுதான். போர்ச்சுகல் நாடு. வந்து பார்த்தால் கடல் குட்டை மாதிரி கிடக்கிறது. எங்கள் குப்பத்தில் கார்த்திகை மாதம் அடிக்கிற அலையில் கால்வாசி கூட இல்லை.

"இதைப் பார்க்கவாடா ரெண்டு பிளேன் மாறி வந்தோம்?" என்று கேட்டேன்.

"இது தெக்குப் பக்கம்க்கா. பெரிய அலை மலைக்கு அந்தாண்ட, வடக்கால. அதுவும் எங்கனா புயல் கெளம்பினாத்தான்" என்றான். என் தம்பியிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

மாமா கடலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். விமானம் ஏறியதிலிருந்து இன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன். கழுத்தில் தாலி கட்டி இத்தனை வருஷமாகியும் தணிகாசலம் எனக்கு மாமாதான். தேசிங்குக்கும் அவர் மாமாதான்.

மறக்காமல் எழுதி வைக்கிறேன், இங்கே யார் யாருக்கு என்ன வேலை என்று. தேசிங்கு அலைமேல் சறுக்குகிற பலகையில் நிற்பான். இந்த ஊர் அலை ஓடுகிற வேகத்துக்குக் கையால் துழாவிப் பிடிக்க முடியாதாம். அதனால் மாமா ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் வண்டியில் அவனைக் கயிறு கட்டி இழுத்து அலைக்குள் விடுவார். அவன் விழுந்தால் உள்ளே புகுந்து தூக்கி வருவதும் அவர்தான். நான் மலைமேல் கலங்கரை விளக்கத்துப் பக்கத்தில் நின்று, எந்த அலை நல்ல அலை என்று வாக்கி டாக்கியில் சொல்லவேண்டும். இரண்டு பேர் உயிரும் தண்ணீரில், என் வாய் மட்டும் கரையில்.

நாங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா பெயர் லூர்து. நம்ம பக்கத்துப் பெயர்தான். அவள் கடற்கரையில் கருவாடு விற்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போனது. மீனைப் பிளந்து விரித்துக் கம்பி வலையில் காயப் போட்டிருக்கிறார்கள். உப்பு குறைவு. அதை நாளைக்குச் சொல்லவேண்டும்.

இந்தியாவில் எந்தக் கடற்கரை என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுனாமியா என்றாள். எல்லோரும் இதையே கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சுவர் போனது, ஒரு ஆடு போனது, வேறு யாரும் போகவில்லை என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஜனவரி 10, சனி

துவைத்த துணி காயவில்லை. வெயில் இருக்கிறது, சூடு இல்லை. இப்படி ஒரு வெயில் எதற்கு?

ஜனவரி 11, ஞாயிறு

வாக்கி டாக்கியில் என்னென்ன வார்த்தை சொல்வது என்று இன்று சண்டை.

தேசிங்கு சொன்னான்: "சிம்பிள்க்கா. நல்ல அலை வந்தா 'போ'ன்னு சொல்லு. மாமா இழுப்பாரு. ஆபத்துன்னா 'வா'ன்னு சொல்லு. திரும்பிடுவாரு."

"கடல்ல நிக்கிற ஆளைப் பார்த்து எந்த வாயாலடா போன்னு சொல்றது?" என்றேன்.

"அக்கா, இது வெளிநாடு."

"வெளிநாட்டுல கடல் சாகடிக்காதா?"

எங்கள் குப்பத்தில் யாரும் "போ" என்று சொல்லமாட்டார்கள். படகு தள்ளும்போது கரையில் ஒருவர் நின்று அலை பார்ப்போம். அடுக்காக வருகிற அலை முடிந்து கொஞ்சம் ஓயும், அந்த இடைவெளியில்தான் படகு வெளியே பாயவேண்டும். அப்போது கரையில் நிற்பவர் கொடுக்கிற குரல் "வா". படகு என்னவோ எங்களை விட்டுப் போகிறது. சொல்கிற சொல் "வா". போய்விட்டு வா என்பதில் போவதைக் கடல் பார்த்துக்கொள்ளும், வருவதை நாங்கள் சொல்லி வைக்கிறோம். கல்யாணமான நாளிலிருந்து மாமாவின் படகுக்கு நான்தான் குரல். பன்னிரண்டு வருஷம். அதற்கு முன்னால் அப்பாவின் படகுக்கு.

மாமா நடுவில் புகுந்தார். "அவ வான்னே சொல்லட்டும்டா. எனக்குத் தெரியாதா? வான்னா இழுத்து உள்ள போறது. திரும்பணும்னா 'கரை'ன்னு சொல்லு கஸ்தூரி. அவ்ளோதான்."

முடிவானது. "வா" என்றால் போகவேண்டும். "கரை" என்றால் திரும்பவேண்டும். தேசிங்கு தலையில் அடித்துக்கொண்டு போனான்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று சாயங்காலமே காற்று மாறிவிட்டது. இன்று காலை வடக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. லாரியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம், நிற்காமல். தண்ணீருக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறதாம், கரைக்குப் பக்கத்தில் வந்துதான் முடிகிறதாம், அதனால் அலை இங்கே மட்டும் எழும்புகிறதாம். தேசிங்கு சொல்லிக்கொண்டே வந்தான். நான் கேட்கவில்லை. தண்ணீர் எழுந்து நின்றது. நம்ம ஊர் அலை உடையும், அதற்கு அந்தப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். இங்கே உடைந்த பிறகும் உடைகிறது.

"இது சின்னது. நாளைக்கு இன்னும் ஏறும்" என்றான். அவன் கண்ணைப் பார்த்தால் ஐந்து வயதில் பலகைக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினானே, அதே கண்.

மாமா சாயங்காலம் முழுவதும் ஜெட் ஸ்கீயைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ராத்திரிக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டார். இங்கத்திய பாலாடைக்கட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓமம் கொண்டு வந்திருக்கலாம்.

ஜனவரி 14, புதன்

என் தலையில் விடிந்தது.

மலைமேல் நின்றேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. மூன்று அலையைப் போகவிட்டேன். நான்காவது சரியாக வந்தது, தோள் என்போமே, அந்த உடையாத ஓரம் சரிவாக, ஓடித் தப்பிக்க இடமிருந்தது. "வா மாமா, வா" என்றேன். ஜெட் ஸ்கீ கிளம்பியது. கயிறு இழுத்தது. தேசிங்கு எழுந்து நின்றான். அப்புறம் வண்டி வளைந்தது. அலையை விட்டுவிட்டு அப்படியே திரும்பித் துறைமுகத்துப் பக்கம் போனது. நல்ல அலை யாருமில்லாமல் உடைந்தது.

துறைமுகத்துக்கு ஓடினேன். தேசிங்கு பலகையைத் தரையில் போட்டுவிட்டு நின்றான்.

"இன்னா மாமா ஆச்சு? எதுக்கு உட்டே?"

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ வான்னாளே. காத்துல சரியா கேக்கல. கரைக்கு வரச் சொல்றாளோன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கினேன். போன்னு சொல்லுன்னு. உன் சாஸ்திரத்துல நான் கெட்டேன்க்கா."

 ஆமாம், என் தப்புதான் என்றேன். மற்ற நாட்டுக்காரர்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்து, கழுவிவைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லூர்தம்மாவின் கரண்ட் அடுப்பில் பால் பொங்க வைத்தேன். பொங்குவதற்குள் அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டாள், பால் வழிந்துவிடுமாம். வழியத்தான் வேண்டும் என்று சைகையில் புரியவைக்க உயிர் போனது. மறுபடி அடுப்பைப் போட்டேன், பொங்கி வழிந்தது. அவளும் கை தட்டினாள்.

மாமா சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பாதி கீழே சிந்தியது. கை அப்படி நடுங்குகிறது. குளிர் அதிகம்.

பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட வார்த்தை. புயல் காற்றிலும் கேட்ட வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை இவரேதான் அர்த்தம் சொன்னார்.

காதில் தண்ணீர் போயிருக்கும். எண்ணெய் காய்ச்சி விடவேண்டும்.

ஜனவரி 17, சனி

இன்று அலை நடுத்தரம். தேசிங்கு இரண்டு அலை பிடித்தான். மாமா சரியாக இழுத்து விட்டார். இரண்டாவதில் தேசிங்கு கடைசியில் விழுந்தான். அவன் போட்டிருக்கிற சட்டை காற்றடைத்து மேலே தூக்கிவிடும், தலை தெரிந்தது. நான் "உள்ள இருக்கான், இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினேன். மாமா உள்ளே புகவில்லை. அடுத்த அலை அவன்மேல் விழுந்தது. அப்புறம் ஒரு பிரேசில்காரர் தன் வண்டியை உள்ளே விட்டு அவனைத் தூக்கினார்.

இன்ஜின் நின்றுவிட்டதாம்.

பைனாகுலரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி நுரைக்கு வெளியே அசைந்துகொண்டு நின்றது. பின்னால் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருந்தது. இன்ஜின் நின்றால் பீச்சாது என்று சொல்வார்கள். இந்த வண்டி எப்படியோ, எனக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்?

தேசிங்கு வீடு வந்து சேர்கிற வரைக்கும் இருமிக்கொண்டே இருந்தான். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மாமாவிடம் ஒரு தம்ளர் நீட்டி, "நீயும் குடி மாமா, இன்ஜின் நிக்கறதெல்லாம் சகஜம்" என்றான்.

ஜனவரி 18, ஞாயிறு

லூர்தம்மாவுடன் கருவாடு காயப் போட்டேன். அவள் இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு பாவாடை. இந்த ஊர்ப் பெண்களின் பழைய வழக்கமாம், விசேஷத்துக்கும் வியாபாரத்துக்கும் கட்டிக்கொள்கிறாள். குளிருக்கு நல்ல யோசனை. மீனைக் கொட்டிப் புரட்டுகிற அத்தனை நேரமும் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறாள். அவள் வீட்டு ஜன்னலும் தெருப் பக்கம்தான்.

மாமா படியில் உட்கார்ந்து கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். லூர்தம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை வாய்ப்பக்கம் வைத்து ஏதோ சொன்னாள். போன் தமிழில் சொன்னது: "உங்கள் மனிதர் பயம் வைத்திருக்கிறார்."

போனுக்குத் தமிழ் சரியாக வராது. நேற்று உப்பைக் கேட்டதற்கு "கடலைக் கொடுங்கள்" என்றது.

ஜனவரி 19, திங்கள்

புதன்கிழமை பெரிய அலை. எங்கேயோ கடல் நடுவில் புயல், வரைபடத்தில் கருஞ்சிவப்பாக இருக்கிறது. இந்த வருஷத்தில் இதுதான் பெரிது என்கிறார்கள். தேசிங்கு தரையில் நிற்கவில்லை.

 சனிக்கிழமை மாதிரி மாமா வெளியே நின்றுவிட்டால் அவன் உள்ளே கிடப்பான். புதன்கிழமை அலையில் பிரேசில்காரர் பக்கத்தில் இருப்பார் என்று என்ன நிச்சயம்? தேசிங்கிடம் சொல்லிவிட்டால் அவன் போகமாட்டான், இரண்டு வருஷ ஆசை மண்ணாகும். மாமா அதற்கப்புறம் குப்பத்தில் தலை நிமிர்ந்து நடக்கமாட்டார். சொல்லாவிட்டால் என் தம்பி.

உருளைக்கிழங்கு வாங்க வேண்டும் என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது கேட்டேன்.

"மாமா, நான் வான்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

நடந்துகொண்டே இருந்தார். பை கனம் என்று கை மாற்றிக்கொண்டார்.

"இன்ஜின் நிக்கல கஸ்தூரி."

"தெரியும்."

"எனக்குக் கடல் பயம்னு யாரனா சொன்னா அடிச்சிருப்பேன். இதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்ல. உள்ள போற வரைக்கும் போறேன். அப்புறம் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமில்ல? எம்மேல பழிய போட்டியே, பாவி."

"தப்புதான்."

கோபம் வந்தது. நடு ரோடு என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். அவர் நின்று கேட்டார். திட்டி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. இந்த மனுஷன் சாப்பிடாததைப் போய்ப் பாலாடைக்கட்டி என்று எழுதி வைத்தேனே என்று இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது. "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நீ வான்னு சொல்றப்ப எனக்கு உன் மூஞ்சி ஞாபகம் வருது, வீடு ஞாபகம் வருது. அன்னிக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா கை கரைப் பக்கமாத் திரும்பிடுச்சு. புதன்கிழமை நீ போன்னு சொல்லு. நீயே போன்னு சொல்லிட்டா, அப்புறம் எனக்குத் திரும்ப எடமே இல்ல. போயிடுவேன்."

"அது மட்டும் என்னால முடியாது."

"அப்ப அவனாண்ட சொல்லிடு" என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

தேசிங்கிடம் சொல்லிவிட்டேன். பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன் மாமா பயப்படறாருடா."

"தெரியும்" என்றான், தேய்ப்பதை நிறுத்தாமல்.

"சனிக்கிழமை தெரிஞ்சிச்சா?"

"போன புதன்கிழமையே தெரியும். மாமா உன்மேல பழி போட்டாரு, நீ ஆமா என் தப்புன்னு சொன்னே. நீ பொறந்ததிலேந்து என்னிக்குக்கா சும்மா திட்டு வாங்கினே?"

 வேறு ஓட்டுகிற ஆளைக் கேள் என்றேன். கேட்டுப் பார்த்தானாம். அவரவர்க்கு அவரவர் ஆள். "தவிர, மலைமேலேந்து நீ சொல்றது அவங்களுக்குப் புரியாது. நம்ம பேச்சு மாமாவுக்குத்தான் புரியும். நான் போறேன்க்கா. நீ மாமாவைப் பாத்துக்கோ."

எப்படிப் பார்த்துக்கொள்வது? அங்கே இருந்து கையையா நீட்ட முடியும்?

ஜனவரி 21, புதன், காலை

வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மூவரும் இட்லி தின்றோம். மாவு சரியாகப் புளிக்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. லூர்தம்மா தன் கறுப்புச் சால்வையை எனக்குப் போர்த்திவிட்டாள்.

ஜனவரி 21, புதன், சாயங்காலம்

எழுதிவிட்டுத்தான் படுக்கவேண்டும். 

கலங்கரை விளக்கத்துச் சுவரோரம் ஜனம் திருவிழா மாதிரி. கேமராவும் கையுமாக நின்றார்கள். என்னைச் சுவர் ஓரத்தில் விட்டார்கள். கீழே ஜெட் ஸ்கீ ஒரு ஈ அளவு. அலை எழும்பும்போது அந்த ஈயும் மறைந்து போகும். ஒவ்வொரு தடவையும் அது திரும்பத் தெரிகிற வரைக்கும் மூச்சு விடவில்லை.

முதல் அடுக்கை விட்டேன். இரண்டாவது அடுக்கையும் விட்டேன். மனசுக்குள் எல்லா அலையையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. நல்ல அலை ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டால் யார் கண்டது? மாமா வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை கேட்டார்: "கஸ்தூரி?"

அப்போது அது வந்தது. தூரத்திலேயே கடல் தடித்து வந்தது. தோள் நல்ல சரிவு. முப்பது வருஷமாக அலை பார்த்த கண் இது, பொய் சொல்ல வரவில்லை.

பொத்தானை அழுத்தினேன். வாய் தானாக "வ" என்று குவிந்தது. கடித்துக்கொண்டேன்.

"போ மாமா" என்றேன். "போ."

போனார். வளையவில்லை. கயிறு நேராக இழுத்தது, தேசிங்கு கயிற்றை விட்டான். அலை அவனுக்குப் பின்னால் எழுந்து எழுந்து எழுந்து நின்றது. அவன் அதன் முகத்தில் கீழே கீழே ஓடினான். வெள்ளைக் கோடு ஒன்று அவன் பின்னால் கிழிந்துகொண்டே வந்தது. பக்கத்தில் யாரோ அவர்கள் பாஷையில் ஜெபம் செய்தார்கள். அடிவாரத்தைத் தாண்டிவிட்டான், இதோ வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தபோது நுரை அவனைப் பிடித்தது.

தலை தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. அவன் போட்டிருந்த சிவப்புத் தொப்பி.

மாமா நுரைக்கு வெளியே நின்றார். வண்டி சனிக்கிழமை மாதிரியே அசைந்துகொண்டு நின்றது.

மேலே இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது, பின்னால் அடுத்த அலை வருகிறது. இப்போது புகுந்தால் எடுத்துவிடலாம். கொஞ்சம் நின்றால் அவன் இல்லை. புகுந்து அதற்குமேல் தாமதித்தால் இரண்டு பேரும் இல்லை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை நான் அனுப்பவேண்டும். அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு விடியற்காலைகூட நான் சொல்லாத சொல்லால்.

"போ மாமா. நேரா. சிவப்பு தெரியுதா? போ. போ."

போனார். வெள்ளைக்குள் போனார். வண்டியும் சிவப்புத் தொப்பியும் மறைந்தன. அலை உடைந்தது. நுரை கரை வரைக்கும் பரவியது. அதில் ஒன்றுமே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பொத்தானை அழுத்தவில்லை, அழுத்தினால் என்ன சொல்வது?  போ என்று சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று அது ஒன்றுதான் உள்ளே ஓடியது.

அப்புறம் வாக்கி டாக்கி கரகரத்தது.

"கஸ்தூரி. வரோம்."

உட்கார்ந்துவிட்டேன். யாரோ என்னைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கீழே கரையோரமாக வண்டி போய்க்கொண்டிருந்தது, பின்னால் சிவப்புத் தொப்பி குப்புறப் படுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

துறைமுகத்தில் தேசிங்கு உதடு கிழிந்து சிரித்தான். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், அப்புறம் கட்டிக்கொண்டேன். மாமா வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனேன்.

"நீ சொன்னது நல்லா கேட்டுச்சு" என்றார்.

அவர் கை நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கியது. அவர் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன், அங்கேயே, எல்லா நாட்டுக்காரர்களும் பார்க்க.

ஜனவரி 24, சனி

புறப்படுகிறோம். லூர்தம்மா கருவாடு கட்டிக் கொடுத்தாள். அதிக உப்புப் போட்டு எனக்காகத் தனியாகக் காயவைத்ததாம்.

பிப்ரவரி 2, திங்கள்

வீடு. தேசிங்கு தெருத்தெருவாக அலையின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பனை உயரம் கூடுகிறது. மாமா ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது கேட்டால், "அவங்க அக்காதான் ஓட்டினா" என்கிறார்.

ஊருக்கு வந்தபின் இன்றுதான் முதல் தடவை கடலுக்குப் படகு தள்ளினார்கள். நான் கரையில் நின்றேன். சின்ன அலைதான், இடுப்பளவு. அடுக்கு முடிந்து தண்ணீர் ஓய்ந்தது. மாமா படகுத் தலைப்பில் நின்று திரும்பிப் பார்த்தார். தள்ளுகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வாயிலிருந்து எது வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா" என்றேன்.

போனார்.